ஒரு பொருள், பல வடிவம்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் தொடர்ந்து இயங்குவது எளிய செயலன்று. திங்கள்தோறும் கூடிப் புதிய கவிதைகளைக் கேட்டு, குறைநிறைகளை முகத்துக்கு நேரே சொல்லி, கைப்பொருளைச் செலவிட்டு நூல்களைக் கொண்டுவருவது அன்பும் பிடிவாதமும் சேர்ந்தாலன்றி இயலாதது. அடுத்த பத்தாண்டில் இந்த நாற்காலிகளில் அமரப் போகின்றவர்கள் இன்று எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு எழுத்தை நாம் எவ்வாறு அறிமுகம் செய்கிறோம் என்பதே என் உரையின் பொருள். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நான், சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி நடத்தி வருகிறேன். அந்தப் பட்டறிவிலிருந்து ஒரே ஒரு கருத்தை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். ஒரே வடிவத்தைக் கொடுத்து எழுதச் சொன்னால் மாணவர் தாம் அறிந்ததை மறைக்கின்றனர். பல வடிவங்களைக் கொடுத்துத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் அறிந்ததைத் தாமாகவே சொல்கின்றனர்.

கட்டுரைக்குள் வராத தாய்

'எங்கள் ஊர்த் தொழில்' என்ற தலைப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவரைக் கட்டுரை எழுதச் சொன்னேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என எல்லாம் ஒழுங்காக அமைந்திருந்தன. ஏறத்தாழ எல்லா ஏடுகளிலும் சிவகாசி 'குட்டி ஜப்பான்' ஆகியிருந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த செய்தி இருந்தது. முடிவுரையில் 'பாதுகாப்பாகப் பட்டாசு வெடிப்போம்' என்னும் அறிவுரை இருந்தது. எழுதியவர்களில் பாதிப் பேரின் தாய்மார் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ வேலைக்குச் செல்பவர்கள். அந்தத் தாய்மாருள் ஒருவர்கூட ஒரு கட்டுரையிலும் இல்லை.

இதனைத் திறமைக் குறைவு என்று கொள்ளுதல் தவறு. கட்டுரை என்னும் வடிவம் எல்லார்க்கும் பொதுவான உண்மையைக் கேட்கிறது. மாணவர் அறிந்திருப்பதோ தம் வீட்டு உண்மையை. இந்த மண்ணில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொழிலைக் குறை சொன்னால் அடுப்பெரிவதைக் குறை சொன்னதாகும். தொழிலைப் புகழ்ந்தால் தெருவில் கருகி மாண்டவரை மறந்ததாகும். புகழவும் இயலாமல் பழிக்கவும் இயலாமல் நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பொதுவுரை ஒன்றே புகலிடமாகிறது.

பாடநூல்களை நான் குறை கூறவில்லை. 2018-19ஆம் கல்வியாண்டு முதல் வந்த தமிழ்ப் பாடநூல்களில் 'மொழியோடு விளையாடு', 'கற்பவை கற்றபின்' போன்ற பகுதிகள் நல்ல வாயில்களைத் திறந்திருக்கின்றன. பத்தாம் வகுப்பில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்றொரு பயிற்சியும் உண்டு. ஆயின் தேர்வுக்காலம் நெருங்குகையில் முதலில் மூடப்படுபவையும் இவ்வாயில்களே என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

நம் மரபு ஒற்றை வடிவ மரபன்று

பல வடிவங்களில் எழுதப் பயிற்றும் முறையை மேலைநாட்டார் அண்மையில்தான் வகுத்துரைத்தனர். அமெரிக்க ஆசிரியர் டாம் ரோமானோ 1990களில் இதனைப் பள்ளிகளில் பரப்பினார். ஒரே பொருளை ஆராய்ந்த மாணவர் அதனை ஒரே கட்டுரையாக எழுதாமல் கவிதை, கடிதம், செய்தி, உரையாடல் எனப் பல துண்டுகளாக எழுதித் தொகுத்தல் அம்முறை. அவருக்குத் தூண்டுகோலாக அமைந்தது, 1943இல் கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாச்சி, பில்லி த கிட் என்னும் கொள்ளையனைப் பற்றி 1970இல் வெளியிட்ட நூல். கவிதையும் உரைநடையும் நேர்காணலும் புகைப்படமும் கலந்த படைப்பு அது.

தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என யாப்பின் களங்களை ஏழாக வகுக்கிறது. விடுகதைக்கும் பழமொழிக்கும் பாட்டோடு ஒரே வரிசையில் இடம் தந்த இலக்கணம் நம்முடையது. அங்கதத்தையும் வெளிப்படையாகப் பழிப்பது, பழியை மறைத்துச் சொல்வது என இரண்டாகப் பிரித்து வைத்தது. மறைத்துச் சொல்லும் தேவை எளியோர்க்கே மிகுதி என்பதனை எண்ணும்போது இப்பகுப்பின் அருமை விளங்கும்.

சிலப்பதிகாரத்தில் மாதவி எழுதிய இரு கடிதங்களை நினைவுகூர்க. முதற் கடிதத்தைக் கோவலன் ஏற்க மறுத்தான். மதுரைப் புறஞ்சேரியில் கௌசிகன் கொணர்ந்த இரண்டாம் கடிதத்தைப் படித்தவன், அதே ஓலை தன் பெற்றோர்க்கும் பொருந்தும் எனக் கண்டு அவர்களிடம் சேர்க்கச் சொன்னான். ஒருவருக்கு எழுதிய சொல் வேறொருவருக்கும் மடலாகும் நுட்பத்தைக் கடிதம் என்னும் வடிவம் பற்றிய முதல் பாடமாகவே மாணவர்க்குச் சொல்லலாம்.

இம்மாவட்டத்தார்க்கு இன்னும் நெருங்கிய சான்று உண்டு. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி பதினான்கு திருமொழிகளைக் கொண்டது. உள்ளிருக்கும் வேட்கை ஒன்றே. அது காமனுக்கு வேண்டுதலாகிறது, சிற்றில் சிதைக்க வேண்டாவென்னும் சிறுமியர் முறையீடாகிறது, மணலில் கூடலிழைத்துக் குறிபார்ப்பதாகிறது, குயிலை ஏவுவதாகிறது, தோழிக்குக் கனவுரைப்பதாகிறது, மேகத்தைத் தூதுவிடுவதாகிறது, இறுதியில் வினாவும் விடையுமாகிறது. ஒரு வடிவத்தில் அடங்காத பொருளை அடுத்தடுத்த வடிவங்களில் தேடிச் சென்றவள் நம் ஊர்ப் பெண். இதனைப் பக்திச் சுவைக்காக மட்டும் படிப்பித்துவிட்டு எழுத்துப் பயிற்சிக்கு வேறெங்கோ வழி தேட வேண்டியதில்லை.

கரிசல் தந்த ஆசிரியர்கள்

கரிசல் இலக்கியமும் இவ்வழியில் வளர்ந்ததே. கி. ராஜநாராயணன் சிறுகதையும் நாவலும் எழுதியதோடு அமையவில்லை. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். வட்டார வழக்குச் சொல்லகராதி செய்தார். கரிசல் காட்டுக் கடுதாசி எனத் தம் மண்ணின் செய்திகளைக் கடிதமாக்கினார். பூமணி நாவலோடு நில்லாமல், தீப்பெட்டித் தொழிலில் சிறாரின் நிலையைக் 'கருவேலம்பூக்கள்' என்னும் திரைப்படமாக இயக்கினார். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' என்னும் சிறுகதை 2008இல் 'பூ' என்னும் திரைப்படமாயிற்று. 2007ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மேலாண்மை பொன்னுசாமி ஐந்தாம் வகுப்பு வரையே பள்ளியில் படித்தவர். படைப்பாற்றலுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொலைவை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

பேராசிரியர் ச. மாடசாமியின் பணியைத் தனியே குறிப்பிட வேண்டும். அறிவொளி இயக்கக் காலத்தில் எழுத்தறிவு பெற வந்த கிராமத்து மக்களிடமிருந்து சொலவடைகளையும் விடுகதைகளையும் அவர் கற்றுக்கொண்டார். கற்பிக்கச் சென்றவர் கேட்பவராக அமர்ந்தார். 'சொலவடைகளும் சொன்னவர்களும்' என்னும் அவரது நூல்தலைப்பே ஒரு கல்விக் கொள்கை. சொல்லைத் தொகுப்போர் பலர். சொன்னவரையும் உடன் நிறுத்தியவர் சிலரே. தொல்காப்பியர் வகுத்த பிசியும் முதுசொல்லும் இம்மண்ணில் படிப்பறியாப் பெண்களிடம் உயிரோடு இருந்தன என்பதற்கு அவ்வியக்கம் சான்று. அப்பெண்களின் பேரப்பிள்ளைகளே இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர்.

அவர்கள் வகுப்பில் அமர்ந்திருப்பதும் எளிதாக வாய்த்ததன்று. விடியுமுன் ஊர் ஊராக வந்து சிறாரை ஏற்றிச் சென்ற ஆலைப் பேருந்துகளை இங்குள்ள மூத்தோர் பலர் பார்த்திருப்பீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசிச் சிறாரை முன்வைத்து 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அறிவொளித் தொண்டர்களின் உழைப்பும், சத்துணவும் சேர்ந்தே அப்பேருந்துகளிலிருந்து பிள்ளைகளை இறக்கின. குச்சி அடுக்கிய கைகளின் அடுத்த தலைமுறை எழுதுகோல் பிடித்திருக்கிறது. அந்த எழுதுகோல் பிறர் சொன்ன முடிவுரையையே படியெடுக்குமானால் இத்தனை பாடும் எதற்கு?

வகுப்பறையில் ஐந்து வடிவங்கள்

முதலில் அகராதி. வீட்டிலும் தெருவிலும் புழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதச் சொல்வேன். எல்லாருக்கும் வரும் எளிய வடிவம் இது. இங்கே ஆலைக்கு 'ஆபீஸ்' என்று பெயர். சென்னைக்காரர் ஆபீசுக்குப் போவதும் எம் பெண்கள் ஆபீசுக்குப் போவதும் ஒன்றல்ல என்பது முதற் பதிவிலேயே விளங்கிவிடும். 'மருந்து' என்னும் சொல்லுக்கு ஒரு மாணவன் இவ்வாறு எழுதினான்: 'ஒன்று, நோய்க்குக் கொடுப்பது. இரண்டு, வெடியில் அடைப்பது. எங்கள் வீட்டில் மருந்து வாடை என்றால் இரண்டாவது.' நிகண்டு செய்தோர்க்கும் வாய்க்காத தெளிவு இது. சொல்லுக்குப் பொருள் எழுதும்போது தன் வீட்டைப் பற்றி எழுதுகிறோம் என்னும் கூச்சம் அவனுக்கு எழவில்லை.

இரண்டாவது விடுகதை. அலுமினியத் தூள் படியும் வேலையில் கைகள் வெள்ளி நிறமாகிவிடும். எளிதில் கழுவிப் போகாது. ஒரு மாணவி எழுதினாள்: 'கையெல்லாம் வெள்ளி. வீட்டில் குன்றிமணி வெள்ளி இல்லை. யார்?' விடை சொல்ல வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் கையுயர்த்தினர். கட்டுரையில் இடம் கிடைக்காத தாய் விடுகதையின் விடையாக வந்து நின்றாள். விடுகதையின் பண்பு மறைத்துக் காட்டுவது. தாயின் பெயரைச் சொல்லாமலேயே தாயைச் சொல்ல அவ்வடிவம் அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்தது.

மூன்றாவது நாட்காட்டித் தாள். சிவகாசி அச்சகங்களின் தினசரி நாட்காட்டி தமிழ்நாட்டில் தொங்காத வீடில்லை. நாள், நல்ல நேரம், இராகு காலம், கீழே ஒரு பொன்மொழி. இதுவும் ஒரு வடிவமே. உங்கள் வீட்டின் ஒரு நாளுக்கு ஒரு தாள் எழுதுங்கள் என்றேன். ஒருத்தி எழுதியது: 'நல்ல நேரம் மாலை 6 முதல் 6.30 வரை, அம்மா பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம். இராகு காலம் காலை 8 முதல் மாலை 5.30 வரை, அம்மாவுக்குப் போன் போட முடியாத நேரம்.' ஆலைக்குள் கைபேசி கொண்டுசெல்லக் கூடாது என்பது விதி. அச்சம் என்ற சொல்லே இல்லாமல் ஒரு நாளின் அச்சம் முழுதும் அத்தாளில் இருக்கிறது. இதைக் 'கவிதை எழுது' என்று கேட்டிருந்தால் அவள் வானவில்லைப் பற்றி எழுதியிருப்பாள்.

நான்காவது செய்தி. யார், எங்கே, எப்போது, எத்தனை என்னும் வினாக்களுக்கு விடையில்லாமல் செய்தி நிற்காது. ஊரில் உள்ள எதையேனும், தெருக்குழாயையோ பொங்கல் விழாவையோ, நேரில் பார்த்துக் கேட்டு எழுத வேண்டும். இவ்வடிவத்தோடு இலக்கணமும் தானே வரும். வெடிவிபத்துச் செய்திகளில் அடிக்கடி காணப்படும் 'உராய்வு ஏற்பட்டது' என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதி, இதன் எழுவாய் எது என்று கேட்டேன். 'உராய்வு' என்றனர். உராய்வை ஏற்படுத்தியவர் யார் என்று ஒரு மாணவன் திருப்பிக் கேட்டான். ஏற்படு என்னும் வினைக்கும் ஏற்படுத்து என்னும் வினைக்கும் உள்ள வேறுபாட்டை, தன்வினை பிறவினைப் பாடத்தை, அன்றுபோல் ஊன்றிக் கேட்ட வகுப்பை நான் கண்டதில்லை.

ஐந்தாவது நூல். இங்கே நூல் என்பது தொல்காப்பியர் கருத்தில், ஒரு பொருளை முறையாக விளக்கிச் சொல்வது. ஒரு வேலையை அறியாதவரும் அறியுமாறு படிப்படியாக எழுதுதல். ஒரு மாணவன் தன் பாட்டி சரவெடி பின்னும் முறையை விரல்களின் அசைவு தவறாமல் எழுதினான். பாட்டியின் கைத்திறன் பற்றிய பெருமை ஒவ்வொரு வரியிலும் இருந்தது. துன்பம் மட்டுமே இம்மண்ணின் பொருள் என்று எண்ணுவோர் அதனைப் படிக்க வேண்டும். சரவெடியை 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. எனவே அவன் எழுதிய செய்முறை அவனறியாமலே வரலாறாகவும் ஆகியிருக்கிறது. ஒரு வடிவத்தில் தொடங்கும் எழுத்து காலத்தால் வேறொன்றாகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு நான் தேடவில்லை.

இவ்வைந்தும் முடிந்தபின் அதே தலைப்பை மீண்டும் கொடுத்தேன்: 'எங்கள் ஊர்த் தொழில்.' முன்னுரை இருந்தது, முடிவுரையும் இருந்தது. நடுவில் வெள்ளிக் கைகளும், மாலை ஆறு மணிப் பேருந்தும், பாட்டியின் விரல்களும் இருந்தன. இத்தனை வடிவங்களும் தேர்வுக்கு உதவுமா என்று கேட்கும் ஆசிரியர்க்கு என் விடை இதுதான். பல வடிவப் பயிற்சி கட்டுரையை விலக்குவதன்று. கட்டுரைக்குச் சரக்குச் சேர்ப்பது.

கவனம் வேண்டும் இடம்

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5, ஆசிரியர் நாள். அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அன்று கைக்குழந்தைகளாக இருந்தோர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். இவ்வட்டாரத்தில் எந்த வகுப்பிலும் இழப்புற்ற வீட்டுப் பிள்ளை ஒன்றேனும் இருக்கக்கூடும் என்பதை மறந்து பயிற்சி நடத்தலாகாது.

ஆகவே விபத்தைத் தலைப்பாகக் கொடுத்தல் கூடாது. ஒப்பாரியை ஒரு வடிவமாகப் பட்டியலில் சேர்த்தலும் கூடாது. அது வீடு கேட்கும் வடிவம். பள்ளி கேட்கும் வடிவம் அன்று. பிள்ளை தானாக அதனை எழுதினால் படிப்போம். பிறர்முன் படிக்கச் சொல்ல மாட்டோம். எழுதிய தாள் எழுதியவருக்கே உரியது. அச்சிடுமுன் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் இசைவு பெறுவது மரியாதை மட்டுமன்று, கடமை. கண்ணீரை வரவழைக்கும் கவிதைக்குப் பரிசு என்னும் வழக்கம் சில மேடைகளில் உண்டு. அழவைத்தால் பரிசு கிடைக்கும் என்று ஒரு பிள்ளை அறிந்துகொண்ட நாளில் அதன் எழுத்து பொய்யாகத் தொடங்கும். தேர்வுக்கு எழுதிய பொதுவுரையைவிட அந்தப் பொய் கேடானது.

திருத்தும் முறையும் சிந்திக்கத்தக்கது. 'என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா' என்று மாடசாமி ஒரு நூலுக்குத் தலைப்பிட்டதன் குறிப்பை ஆசிரியர் அனைவரும் உணர்வோம். ஒற்றுப்பிழையைத் திருத்தத்தான் வேண்டும். நான் இலக்கணம் கற்பிப்பவள். ஆயின் 'பஸ்' என்பதைப் 'பேருந்து' என்று அடித்துத் திருத்தினால் அந்த நாட்காட்டித் தாளில் தாய் இறங்கமாட்டாள். எந்த வடிவத்திற்கு எந்த மொழி என்று தேர்ந்தறியக் கற்பிப்பதே மொழிக்கல்வி. மனுவில் பேருந்து வரட்டும். நாட்காட்டித் தாளில் பஸ் வரட்டும்.

வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம்

கவிஞர்களே, நாம் பள்ளிகளுக்குப் போட்டி நடத்தச் செல்கிறோம். பரிசு கொடுத்துத் திரும்புகிறோம். போட்டி பெரும்பாலும் கவிதைக்கே. கவிதை எழுதவராத பிள்ளை தனக்கு எழுத்தே வராது என்று முடிவு செய்துகொள்கிறது. அகராதி செய்யும் பிள்ளை, விடுகதை போடும் பிள்ளை, பாட்டியிடம் கேட்டு எழுதும் பிள்ளை ஆகியோரும் நம் வட்டத்தின் நாளைய உறுப்பினர்களே. 2022இல் பள்ளிக் கல்வித்துறை 'தேன்சிட்டு' போன்ற சிறார் இதழ்களைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. அத்தகைய முயற்சிகளுக்கு உள்ளூர் வட்டங்கள் தோள்கொடுத்தல் வேண்டும்.

எனவே பதினோராம் ஆண்டில் நம் வட்டம் இரண்டு செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறேன். ஒன்று, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊருக்கு அண்மையிலுள்ள ஓர் அரசுப் பள்ளியில் திங்களுக்கு ஒரு பிற்பகல் செலவிடுதல். சொற்பொழிவு ஆற்ற அன்று. பிள்ளைகளோடு அமர்ந்து தாமும் எழுத. மரபுக்கவிஞர் ஒரு விடுகதை எழுதிப் பார்க்கட்டும். புதுக்கவிஞர் ஒரு செய்தி எழுதிப் பார்க்கட்டும். இரண்டு, இம்மாவட்டத்துத் தொழிற்சொற்களை மாணவரைக் கொண்டே தொகுத்து ஓர் அகராதி வெளியிடுதல். தீப்பெட்டியில் இயந்திரம் புகுந்தபின் கைவேலைச் சொற்கள் பல மறைந்து வருகின்றன. பட்டாசுத் தொழிலும் மாறிக்கொண்டிருக்கிறது. அச்சொற்களை அறிந்த பாட்டிமார் இன்று இருக்கின்றனர். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகளும் அதே வீட்டில் இருக்கின்றனர். இவ்விருவரும் ஒருங்கே வாய்த்த காலம் நீண்டதன்று.

தொகுத்த சொற்களின் அருகே சொன்னவரின் பெயரும், அவர் விரும்பினால், இடம்பெறட்டும். அவ்வகராதியின் முதற்படியைப் பெற்றுக்கொள்ளும் தகுதி ஆபீசிலிருந்து திரும்பும் ஒரு தாய்க்கே உண்டு.